நெருக்கடிக் காலத்தில் அரசுக்காக ஜெபிப்பதும் அரசைக் கேள்வி கேட்பதும்: விசுவாசியின் கடமை எது?

கேள்வி: வேத வகுப்பு ஆசிரியர்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு வணக்கம். எங்கள் சபையில் வாலிபர்களுக்கான வேத வகுப்பைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். நாடு கடும் நெருக்கடியில் இருக்கும் இந்த மாதங்களில், எந்த வேதப்பகுதியை எடுத்தாலும் பேச்சு கடைசியில் அரசிடம் வந்து நின்றுவிடுகிறது. வேலை இழந்தவர்களும் கடனில் மூழ்கியவர்களும் எங்கள் சபைக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆகவே இது அவர்களுக்கு வெறும் விவாதப் பொருள் அல்ல.

சென்ற வாரம் ரோமர் 13-ஆம் அதிகாரத்தை வாசித்தோம். "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்" என்ற வசனத்தைச் சுட்டிக்காட்டி, ஆளுகிறவர்களைக் குறித்து விசுவாசி வாய் திறக்கவே கூடாது, ஜெபித்துவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், அநியாயம் செய்யும் அரசுக்காக ஜெபிப்பது அந்த அநியாயத்தை ஆசீர்வதிப்பதற்குச் சமம் என்றார். சிறு தொழில் நடத்தும் ஒரு சகோதரர் எழுந்து, வரிப்பணம் வீணாக்கப்படுவது தெரிந்தும் முழு வருமானத்தைக் காட்டி வரி கட்டுவது எந்த விதத்தில் தேவசித்தம் என்று கேட்டார். அவருக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், எகிப்தின் பஞ்சத்தில் யோசேப்பு களஞ்சியங்களைத் திறந்ததைப்போல ஆளுகிறவர்கள் மூலமாகவே தேவன் நம்மைப் போஷிப்பார், நம்பிக்கையோடு காத்திருங்கள் என்று சொல்லப்பட்டது. அதைக் கேட்டுச் சிலர் ஆறுதல் அடைந்தார்கள். சிலர் மனம் கசந்து வெளியேறினார்கள்.

நான் வெளிப்படையாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சபையில் பிளவு வரக்கூடாது என்ற பயத்தினால், "தேசத்துக்காக ஜெபிப்போம்" என்று பொதுவாகச் சொல்லி, எதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் ஜெபித்து வந்திருக்கிறேன். அது ஞானமா, கோழைத்தனமா என்று எனக்கே தெரியவில்லை. கீழ்ப்படிதல், வரி, ஜெபம், கண்டித்துப் பேசுதல் ஆகிய இவற்றை ஒரே மனச்சாட்சிக்குள் எப்படிச் சேர்த்து வைப்பது என்று அனுபவமுள்ளவர்கள் எழுதினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

பதில்: மூத்த போதகர்

சகோதரர் அவர்களே, உங்கள் பயத்தை நான் அறிவேன். பிரசங்க மேடையில் பல ஆண்டுகள் அதே பயத்தோடு நின்றிருக்கிறேன்.

ரோமர் 13-ஐ முதலில் அது எழுதப்பட்ட இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. பவுல் எழுதிய நிருபத்தில் 12-ஆம் அதிகாரத்தின் முடிவுக்கும் 13-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்துக்கும் இடையில் இடைவெளி எதுவும் இல்லை. சத்துரு பசியாயிருந்தால் போஜனம் கொடு, தீமையை நன்மையினாலே வெல்லு என்று சொன்ன அதே மூச்சில்தான் அவர் அதிகாரமுள்ளவர்களைப் பற்றிப் பேசுகிறார். பேசி முடித்தவுடன், ஒருவரிடத்திலொருவர் அன்புகூருகிற கடனைத் தவிர வேறொன்றிலும் கடன்படாதிருங்கள் என்று தொடர்கிறார். முன்னும் பின்னும் அன்பைப் பற்றிய போதனை நிற்க, நடுவில் உள்ள ஏழு வசனங்களை மட்டும் வெட்டியெடுத்து வாயை மூடு என்று அர்த்தப்படுத்துவது அந்த வேதப்பகுதிக்கு நாம் செய்யும் அநீதி.

அந்த நிருபத்தை முதலில் கேட்டவர்கள் யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ரோமப் பேரரசனாகிய கிலவுதியு இராயன் யூதர்கள் எல்லாரும் ரோமாபுரியை விட்டுப் போகும்படி கட்டளையிட்டதை அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அந்தக் கட்டளையினால் துரத்தப்பட்டவர்கள். ரோமர் 16-இல் பவுல் அவர்களுக்கு வாழ்த்துச் சொல்கிறார். அதாவது அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். அரசாணை ஒன்றினால் இருப்பிடத்தை இழந்தவர்கள் அந்தச் சபையில் உட்கார்ந்துகொண்டு, "உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு அவன் தேவஊழியக்காரனாயிருக்கிறான்" என்ற வரியைக் கேட்டார்கள். ஆளுகிறவன் அநியாயமே செய்யமாட்டான் என்ற பொருளில் அந்த வரி அவர்கள் காதில் விழுந்திருக்க முடியாது. ஊழியக்காரன் என்ற சொல் உயர்த்துகிற சொல்தான், ஆனால் எல்லை குறிக்கிற சொல்லும்கூட. ஊழியக்காரனுக்கு எஜமான் உண்டு; கணக்கு ஒப்புவிக்கும் நாளும் உண்டு.

இனி எரேமியாவுக்கு வருகிறேன், ஏனென்றால் நெருக்கடிக் காலத்துக்கு ரோமரைவிட நெருக்கமாக இருப்பது எரேமியா 29 என்று நான் நம்புகிறேன். கி.மு. 597-இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அவர் கடிதம் அனுப்புகிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காகக் கர்த்தரை நோக்கி விண்ணப்பம்பண்ணுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும் என்கிறார். இந்த வசனத்தை நாம் அட்டைகளில் அச்சிடுகிறோம். ஆனால் அதற்கு முந்தின அதிகாரத்தை யாரும் வாசிப்பதில்லை. அங்கே அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று தேவனுடைய பெயரால் அறிவித்து, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தை உடைத்துப் போடுகிறான். கூடியிருந்த ஜனத்துக்கு அது எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும்! எரேமியாவோ எழுபது வருஷம் என்று சொல்ல வேண்டியிருந்தது. கஷ்டகாலத்தில் சபை தேசத்துக்குச் செய்யக்கூடிய பெரிய துரோகம், தேவன் சொல்லாத விரைவான விடுதலையை அவர் பெயரால் வாக்குக்கொடுப்பதுதான். இதைச் சொல்ல எனக்கு உரிமை குறைவு. இளம் வயதில் நானும் அப்படிப்பட்ட வாக்குகளைக் கொடுத்திருக்கிறேன், நம்பியவர்கள் பிற்பாடு எப்படி உடைந்துபோனார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

பட்டணத்தின் சமாதானத்தைத் தேடச் சொன்ன அதே வாய்தான், வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்காமல் விசாலமான வீட்டைக் கட்டிய ராஜாவை 22-ஆம் அதிகாரத்தில் பெயர் சொல்லிக் கண்டிக்கிறது. "சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை விசாரித்தான்" என்று அவனுடைய தகப்பனைப் புகழ்ந்துவிட்டு, அதுவல்லவோ என்னை அறிகிற அறிவு என்று கர்த்தர் கேட்கிறார். ஜெபித்தவரும் கண்டித்தவரும் ஒரே மனிதர். உங்கள் வகுப்பில் எதிரெதிராக நின்ற இரண்டு பேரும் எரேமியாவுக்குள் ஒன்றாக இருந்தார்கள் என்பதை அவர்களுக்குக் காட்டுங்கள்.

பதில்: வரலாற்று ஆசிரியை

போதகர் ஐயா எழுதியதற்கு வரலாற்றிலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலில் வரியைப் பற்றி. பவுல் ரோமருக்கு எழுதியது ஏறத்தாழ கி.பி. 57-இல். அடுத்த ஆண்டே, வரி வசூலிப்பவர்களின் கொடுமையைக் குறித்து மக்கள் முறையிட்டதால் மறைமுக வரிகளை முற்றிலும் நீக்கிவிடலாமா என்று நீரோ யோசித்ததாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். ஆக, வரியையும் தீர்வையையும் செலுத்துங்கள் என்று பவுல் எழுதியபோது வரி என்பது அந்த நகரத்தில் கொதித்துக்கொண்டிருந்த விஷயம். அவர் ஏதோ அமைதியான காலத்துக்குரிய நற்பண்பைப் போதிக்கவில்லை. வரியைக் குறித்துக் கேள்வி கேட்ட சகோதரருக்கு முன்பாகவே அதே கேள்வியோடு இருந்தவர்களுக்குத்தான் எழுதினார்.

இரண்டாவது, ஜெபம் என்றால் சம்மதம் என்ற எண்ணம். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் கி.பி. 197-ஐ ஒட்டி ரோம ஆட்சியாளர்களுக்கு எழுதிய விண்ணப்பத்தில், இராயனுடைய நீடிய ஆயுளுக்காகவும் ஆட்சியின் பாதுகாப்புக்காகவும் கிறிஸ்தவர்கள் ஜெபிக்கிறார்கள் என்கிறார். பிறர் பொய்க்கணக்கினால் ஏய்க்கிற வரிகளை நாங்கள் நேர்மையாகச் செலுத்துகிறோம் என்கிறார். அதே எழுத்தில்தான் இராயனைத் தேவன் என்று அழைக்கமாட்டோம் என்று மறுக்கிறார். விசாரணையே இல்லாமல் ஒரு பெயரை வைத்து மட்டும் மனிதர்களைத் தண்டிப்பது உங்கள் சொந்தச் சட்டத்துக்கே விரோதம் என்று ஆளுநர்களோடு வழக்காடுகிறார். வரியை ஒழுங்காகக் கட்டியவர் என்பதால்தான் அவருடைய வழக்குக்குப் பலம் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாவது, கொள்ளைநோய்க் காலம். கி.பி. 250-இல் தேசியு இராயன் சாம்ராஜ்யத்தில் உள்ள அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டான். மறுத்த கிறிஸ்தவர்கள் சிறைக்கும் சாவுக்கும் உள்ளானார்கள். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் ஒரு பெரிய கொள்ளைநோய் பரவியது. கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் தன் சபையாரைக் கூட்டி, நம்மவர்களை மட்டும் கவனித்தால் அதில் பெருமை ஒன்றுமில்லை, நம்மைத் துன்பப்படுத்துகிறவர்களுக்கும் நன்மை செய்ய வேண்டும் என்று வலியுறுத்தியதாக அவருடைய டீக்கனாகிய பொந்தியு எழுதிவைத்திருக்கிறார். 258-இல் அதே அரசு சிப்ரியானின் தலையை வெட்டியது. பலியிட மறுத்ததும் நோயாளிகளைப் பராமரித்ததும் அவர்களுக்கு ஒரே கீழ்ப்படிதலாக இருந்தது. இதை நான் ஒவ்வொரு முறை வகுப்பில் சொல்லும்போதும் சற்று நேரம் பேச முடியாமல் நிற்பேன்.

கண்டிப்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 390-இல் தெசலோனிக்கேயில் ஏற்பட்ட கலகத்துக்குப் பழிவாங்கும்படி தெயொதோசியு பேரரசனின் படைகள் ஏராளமான பொதுமக்களைக் கொன்றன. மிலான் நகரத்து ஆயர் அம்புரோசு அவனுக்குத் தனிப்பட்ட கடிதம் எழுதி, நீர் மனந்திரும்பும்வரை உம் முன்னிலையில் நான் திருவிருந்து நடத்தமாட்டேன் என்று தெரிவித்தார். அரசன் பகிரங்கமாக மனஸ்தாபப்பட்டான். 395-இல் அரசன் இறந்தபோது இறுதி உரையாற்றியவரும் அம்புரோசுதான். அந்த உரையில் அன்பு நிறைந்திருக்கிறது. முதலில் தனிமையில் எழுதினார் என்பதைக் கவனியுங்கள். ஆனால் அது பலிக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே முடிவுசெய்திருந்தார்.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்கக்கூடாது. ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சிக்குத் துணைநின்ற சபைத்தலைவர்கள் ரோமர் 13-ஐத்தான் கையில் பிடித்திருந்தார்கள். அவர்களை எதிர்த்து 1934 மே மாதம் பார்மென் என்ற ஊரில் கூடிய சபையினர், நீதியையும் சமாதானத்தையும் பேணுவதே அரசுக்குத் தேவன் வைத்த பணி, மனித வாழ்வின் ஒரே முழுமையான ஒழுங்காக அரசு ஆகிவிட முடியாது என்று அறிக்கையிட்டார்கள். துணிவான அறிக்கைதான். ஆனாலும் யூதர்கள் பட்ட பாட்டைக் குறித்து அதில் ஒரு வார்த்தை இல்லை. போர் முடிந்து 1945 அக்டோபரில் ஸ்டுட்கார்ட்டில், இன்னும் துணிவாகச் சாட்சி சொல்லாமலும் இன்னும் உண்மையாக ஜெபிக்காமலும் இன்னும் ஊக்கமாக அன்புகூராமலும் போனோம் என்று தங்களைத் தாங்களே குற்றஞ்சாட்டிக்கொண்டார்கள். சபையின் உரிமைக்காகப் பேசுவது எளிது; சபைக்கு வெளியே அடிபடுகிறவனுக்காகப் பேசுவதில்தான் நாம் தவறிப்போகிறோம்.

பதில்: கல்லூரி மாணவர்

ஐயா அவர்களுக்கும் ஆசிரியை அவர்களுக்கும் வணக்கம். உங்கள் பதில்களை இரண்டு முறை வாசித்தேன். ஆனாலும் எனக்குள் ஒரு வருத்தம் இருக்கிறது. மரியாதையோடு அதைச் சொல்கிறேன்.

யோசேப்பைப் பற்றிய பிரசங்கத்தைக் கேள்வி கேட்டவர் குறிப்பிட்டார். யாரும் அதைத் தொடவில்லை. ஆதியாகமம் 41-இல் செழிப்பான ஏழு வருஷங்களில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்த திட்டம் அருமையானது. ஆனால் 47-ஆம் அதிகாரம் வரை வாசித்தால், ஜனங்கள் முதலில் பணத்தையும் பின்பு ஆடுமாடுகளையும் பின்பு நிலத்தையும் கடைசியில் தங்களையும் தானியத்துக்காகப் பார்வோனுக்கு விற்கிறார்கள். உயிர் பிழைத்தார்கள், ஆனால் அடிமைகளாகப் பிழைத்தார்கள். ஆசாரியருடைய நிலத்தை மட்டும் யோசேப்பு வாங்கவில்லை. பார்வோன் அவர்களுக்கு மானியம் கொடுத்திருந்ததால் அவர்கள் நிலத்தை விற்க வேண்டியதாயிருக்கவில்லை என்று 22-ஆம் வசனம் சொல்கிறது. பஞ்சத்தில் அரசின் கை நீளுகிறது. மதத்தலைவர்களுக்கு அது வலிக்காமல் போகிறது. "காத்திருங்கள்" என்று சொல்கிறவர்கள் எந்த நிலத்தில் நின்றுகொண்டு சொல்கிறார்கள் என்று கேட்பது தவறா?

என் தகப்பனார் பல மாதங்களாக வேலையில்லாமல் இருக்கிறார். அவருக்கு ஜெபம் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வீதியில் இறங்கி அமைதியாகக் குரல் கொடுப்பது பாவமா, இல்லையா? இதற்கு நேரான பதில் ஒன்றை எனக்கு யாராவது கொடுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற அரசு ஊழியர்

தம்பி, உங்கள் தகப்பனாருக்காக இன்று காலையிலேயே ஜெபித்தேன். உங்கள் கேள்விக்குப் போதகர் பதில் சொல்வார்; நான் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து பேசுகிறேன்.

அரசு என்று நாம் சொல்லும்போது மேலே இருக்கும் சிலரை மட்டும் நினைக்கிறோம். 30 ஆண்டுகள் அலுவலகங்களில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நெருக்கடியில் ஓர் ஏழைக்கு அரசு என்பது அவனுடைய விண்ணப்பத்தை வாங்கும் எழுத்தரின் முகம்தான். வரி வசூலிப்பவர்களாகிய ஆயக்காரர்கள் யோவான்ஸ்நானனிடம் வந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள் என்றார். போர்ச்சேவகரிடம், ஒருவருக்கும் இடுக்கண்செய்யாமலும் பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமலும் உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள் என்றார். ரோம ஆட்சியைப் பற்றிய பேருரையைவிட இது கடினமான போதனை.

இஸ்ரவேலின் ராஜாவாகிய ஆகாபின் அரண்மனை விசாரிப்புக்காரனாக இருந்த ஒபதியாவை நாம் மறந்துவிடுகிறோம். நாட்டில் கொடிய பஞ்சம். ராணி கர்த்தருடைய தீர்க்கதரிசிகளைக் கொன்றுகொண்டிருக்கிறாள். ஒபதியா நூறு தீர்க்கதரிசிகளைக் கெபிக்கு ஐம்பது பேராக ஒளித்துவைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்துப் பராமரித்தான். எலியாவைப்போல அவன் கர்மேல் மலையில் நின்றதாக எழுதப்படவில்லை. தன் பதவியில் இருந்துகொண்டே, தன் உயிரைப் பணயம் வைத்து, எண்ணிக்கை சொல்லக்கூடிய மனிதர்களைக் காப்பாற்றினான்.

என் வாழ்க்கையிலும் ஒன்று நடந்தது. பேரிடர் ஒன்றுக்குப் பின் நிவாரணப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரு குறிப்பிட்ட குடியிருப்பின் பெயர்களை விட்டுவிடும்படி மேலிருந்து வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. எழுத்தில் தாருங்கள், நானும் எழுத்தில் பதில் தருகிறேன் என்றேன். பெயர்கள் பட்டியலில் நின்றன. நான் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. ஆனால் அன்று என் சபையில் யாரிடமும் அதைச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அரசு வேலையில் இருக்கும் விசுவாசிகளுக்காகத் தனியாக ஜெபிக்கும் வழக்கம் எங்கள் சபையில் இல்லை. தலைவர்களுக்காக ஜெபிக்கும் சபைகள் எழுத்தர்களுக்காகவும் காவலர்களுக்காகவும் மருத்துவமனைப் பணியாளர்களுக்காகவும் ஜெபிக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். "அதிகாரமுள்ள யாவருக்காகவும்" என்றுதானே 1 தீமோத்தேயு 2 சொல்கிறது.

தொழில் நடத்தும் சகோதரருக்கு ஒன்று. நெகேமியா 5-ஆம் அதிகாரத்தை அவரோடு சேர்ந்து வாசியுங்கள். பஞ்சத்தில் ஜனங்கள் நிலத்தை அடமானம் வைக்கிறார்கள், ராஜாவுக்குத் தீர்வை செலுத்தக் கடன் வாங்குகிறார்கள், பிள்ளைகளை அடிமைப்படுத்துகிறார்கள். பாரசீக ராஜாவின் வரி ஒரு காரணம் என்பது அங்கே மறைக்கப்படவில்லை. ஆனால் நெகேமியாவின் கோபம் முதலில் திரும்புவது தன் சொந்த ஜனத்தில் வட்டி வாங்கியவர்கள் மேல். அதைச் சொல்லும்போது, நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும்கூடக் கடன் கொடுத்திருக்கிறோம், இந்த வட்டியை விட்டுவிடுவோமாக என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். தேசாதிபதிக்குரிய படியைப் பன்னிரண்டு வருஷம் அவர் வாங்கவில்லை. அரசு பணத்தை வீணாக்குகிறது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் நான் கட்டாத வரி, வீணாக்குகிறவனுடைய பையிலிருந்து குறைவதில்லை. இலவச மருத்துவமனையின் மருந்து அலமாரியிலிருந்துதான் பெரும்பாலும் குறைகிறது. வீணடிப்பை எதிர்க்க வழிகள் உண்டு: தணிக்கை அறிக்கைகளை வாசிக்கலாம், தகவல் கேட்கலாம், நீதிமன்றம் போகலாம், வாக்களிக்கலாம். பொய்க்கணக்கு எழுதுவது அந்த வழிகளில் ஒன்று அல்ல. நாளைக்கு அவர் உண்மையைப் பேச எழுந்தால் அந்தக் கணக்கே அவர் வாயை அடைத்துவிடும்.

பதில்: மூத்த போதகர்

தம்பி, யோசேப்பைக் குறித்து நீங்கள் எழுதியதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆசாரியரின் நிலத்தைப் பற்றிய வசனத்தை இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட இப்படி வாசித்ததில்லை. அது என்னைக் குத்தியது. யோசேப்பு பஞ்சத்தில் உயிர்களைக் காத்தார் என்பதும் உண்மை. காத்த விதத்தில் ஜனங்கள் தங்கள் சுதந்தரத்தை இழந்தார்கள் என்பதும் உண்மை. யோசேப்பை அறியாத ராஜா ஒருவன் வந்தபோது இஸ்ரவேலருக்கு என்ன நேர்ந்தது என்பதை யாத்திராகமம் 1 சொல்கிறது. நெருக்கடி நேரத்தில் அரசிடம் சேரும் அதிகாரம் நெருக்கடி தீர்ந்தபின் தானாகத் திரும்பி வருவதில்லை. விசுவாசி அதைக் கவனிப்பது கலகம் ஆகாது.

நேரான பதில் கேட்டீர்கள். அமைதியாகக் குரல் கொடுப்பது பாவம் அல்ல. பவுலையே பாருங்கள். பிலிப்பியில் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள் அவரை இரகசியமாக விடுதலை செய்ய நினைத்தபோது, அப்படியல்ல, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றார். எருசலேமில் வாரினால் அடிக்கக் கட்டினபோது, ரோமனாகிய ஒருவனை நியாயம் விசாரியாமல் அடிக்கலாமா என்று கேட்டார். பெஸ்துவின் முன்பாக, இராயனுக்கு அபயமிடுகிறேன் என்றார். ரோமர் 13-ஐ எழுதிய அதே கைக்குச் சொந்தக்காரர் சட்டம் கொடுத்த உரிமையை முழுவதும் பயன்படுத்தினார். உங்கள் நாட்டின் சட்டம் கூடிப் பேசும் உரிமையைக் கொடுத்திருந்தால், அதைப் பயன்படுத்துவதும் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதன் ஒரு பகுதியே.

சட்டமே தீமையைக் கட்டளையிட்டால் என்ன செய்வது என்பது வேறு கேள்வி. ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்குச் சிப்பிராளும் பூவாளும் கீழ்ப்படியவில்லை. பேசாதிருங்கள் என்று ஆலோசனைச் சங்கம் கட்டளையிட்டபோது, மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம் என்று அப்போஸ்தலர் சொன்னார்கள். அவர்கள் மறுத்தது தேவன் விலக்கியதைச் செய்யும்படியோ, தேவன் கட்டளையிட்டதை விடும்படியோ வந்த ஆணைகளை. எனக்குப் பிடிக்காத சட்டம் எல்லாவற்றையும் இந்தப் பட்டியலில் சேர்க்கக்கூடாது. மறுத்தவர்கள் அதற்குரிய தண்டனைக்குத் தப்பி ஓடவும் இல்லை, பிறர்மேல் கை ஓங்கவும் இல்லை. அப்போஸ்தலர்கள் அடிபட்டுச் சந்தோஷமாய்ப் புறப்பட்டுப் போனார்கள்.

ஒன்றை மட்டும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆசைப்படுகிறேன். நேபுகாத்நேச்சாருக்கு வரப்போகும் நியாயத்தீர்ப்பைத் தானியேல் அறிந்தபோது, அவர் ஒரு நாழிகைமட்டும் திகைத்துக் கலங்கினார் என்று 4-ஆம் அதிகாரம் சொல்கிறது. தன் பட்டணத்தை அழித்த ராஜா அவன். அவனுடைய வீழ்ச்சியை அறிந்து தானியேல் மகிழவில்லை. இது உம்முடைய சத்துருக்கள்மேல் வரட்டும் என்று துக்கத்தோடு சொல்லிவிட்டு, நீதியைச் செய்து உமது பாவங்களையும் சிறுமையானவர்களுக்கு இரங்கி உமது அக்கிரமங்களையும் அகற்றிவிடும் என்று நேருக்கு நேராக ஆலோசனை கூறினார். நீங்கள் வீதிக்குப் போகும்போது உங்கள் கையில் இருக்கும் பலகையில் உண்மை மட்டும் எழுதியிருக்கட்டும். கேட்ட வதந்தியை எழுதாதீர்கள். ஆளுகிறவரின் உடலையும் குடும்பத்தையும் இழிவுபடுத்தும் சொல் வேண்டாம். ராஜாவைக் கனம்பண்ணுங்கள் என்று பேதுரு எழுதிய வசனத்திலேயே, எல்லாரையும் கனம்பண்ணுங்கள் என்றும் இருக்கிறது. உங்கள் தகப்பனாருக்கு உரிய கனத்தைக் கேட்க நீங்கள் போகிறீர்கள்.

பதில்: வேத வகுப்பு ஆசிரியர்

எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. நேற்று வகுப்பு நடந்தது. நடந்ததைச் சுருக்கமாகத் தெரிவிக்கிறேன்.

எரேமியா 28-ஐயும் 29-ஐயும் தொடர்ச்சியாக வாசித்தோம். அனனியா நுகத்தை உடைக்கும் இடத்தில் நிறுத்தி, அன்று நாம் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் யாருக்கு ஆமென் சொல்லியிருப்போம் என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. பின்பு, ஜெபிப்பது மட்டும் போதும் என்று முன்பு சொன்ன சகோதரர், தான் அனனியாவுக்குத்தான் சொல்லியிருப்பேன் என்றார். அவர் அதைச் சொன்ன விதம் எங்கள் எல்லாரையும் தொட்டது.

தொழில் நடத்தும் சகோதரரோடு நெகேமியா 5-ஐத் தனியாக வாசித்தேன். அவர் உடனே சம்மதிக்கவில்லை. போட்டியாளர்கள் எல்லாரும் மறைக்கும்போது தான் மட்டும் முழுக்கணக்கைக் காட்டினால் தொழில் நிற்குமா என்ற பயம் அவருக்கு உண்மையாகவே இருக்கிறது. அந்தப் பயத்துக்கு வசனத்தை மட்டும் பதிலாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நேர்மையாகக் கணக்கு வைத்ததால் அவருக்கு நஷ்டம் வந்தால் சபை அவரைத் தாங்குமா என்று மூப்பர்களிடம் கேட்டிருக்கிறேன். அகபு பஞ்சத்தை முன்னறிவித்தபோது அந்தியோகியாவின் சீஷர்கள் அவரவர் திராணிக்குத்தக்கதாகச் சகோதரருக்கு உதவி அனுப்பத் தீர்மானித்தார்கள் அல்லவா. நாமும் ஒரு தீர்மானம் எடுக்காமல் அவரிடம் நேர்மையைக் கேட்பது சரியல்ல என்று சொன்னேன். மூப்பர்கள் இன்னும் பதில் தரவில்லை.

ஜெபத்தைப் பொறுத்தவரை, வரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆளுகிறவர்களைப் பதவியின் பெயர் சொல்லிக் குறிப்பிடுவோம். அவர்களுக்கு ஞானமும், எளியவனின் முறையீட்டைக் கேட்கும் இருதயமும், தவறு செய்திருந்தால் அதை ஒப்புக்கொள்ளும் துணிவும் வேண்டும் என்று கேட்போம். அதன்பின் அரசுப் பணியில் இருக்கும் எங்கள் சபையார் எழுந்து நிற்க, அவர்களுக்காகத் தனியாக ஜெபிப்போம். வேலை இழந்த குடும்பங்களையும் அவர்கள் சம்மதித்தால் பெயர் சொல்லிக் குறிப்பிடுவோம். தம்பி, உங்கள் தகப்பனாரின் பெயரையும் சேர்க்கலாமா என்று அவரிடம் கேட்டுத் தனிச்செய்தியில் எனக்குத் தெரிவியுங்கள்.